யோவுல் கையில் பேரிக்காய்

அத்தியாயம் 11

சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முளைப்பயறு சூப் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் விட்டேன். சூப் ஆறிப்போய்விட்டது. முகங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் யாங் தொக்சு. தலைநகரத்தை ஒட்டிய இல்சானில் வீடு. திரை வண்டி ஓட்டுகிறேன். சின்ன லாரி ஒன்றின் முதுகில் மூன்று பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை கட்டியிருக்கும், அதில் யார் எதைக் காட்டச் சொல்கிறார்களோ அதைக் காட்டிக்கொண்டு போய் நிற்பேன். தேர்தல் வந்தால் வேட்பாளரின் பல். பாட்டுக்காரப் பையன்களுக்குப் பிறந்தநாள் வந்தால் அவர்கள் கன்னம். யாருக்காவது யார் மேலாவது கோபம் வந்தால் அந்தக் கோபம்.

என் மனைவி மிசோன், கைப்பேசியில் படிக்கிற தொடர்கதை எழுதுகிறவள். 'பட்டாணிச்சோறு' என்பது அவள் புனைபெயர். ஏன் இந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். கதையை வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் பெயர் கேட்ட அன்று எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு.

ஐந்து வருடமாக அவள் எழுதிய 'பனிமலை வாள்காரி' போன மாதம் முடிந்தது. யோவுல் என்று ஒரு பெண், பனியில் அடித்த வாள் வைத்திருப்பாள். ரியூஹான் என்று ஒரு சபிக்கப்பட்ட இளவரசன். அவள் தொட்டால் அவன் உறைந்துபோவான், தொடாவிட்டால் அவள் உறைந்துபோவாள். இப்படி ஒரு சிக்கலை வைத்துக்கொண்டு நாட்டில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளை எல்லாம் ஐந்து வருடம் அழவைத்தாள் என் மனைவி.

கடைசியில் என்ன ஆயிற்று? அரக்க அரசன் நாலே வரியில் செத்தான். சாபம் எப்படித் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, தீர்ந்தது. யோவுல் வாளைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு அரண்மனைக்குப் போனாள். இளவரசனின் தம்பி அரசுத் தேர்வுக்குப் படிக்கிற அறையின் வாசலில் உட்கார்ந்து, அவனுக்குப் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றும்.

வாசகர்கள் கொதித்தார்கள். நானும்தான் கொதித்தேன், ஆனால் என் வழக்கு வேறு. யோவுலிடம் ஒரு நொண்டிக் கழுதை உண்டு. அதைக் குகை வாசலில் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே சண்டைக்குப் போனாள். அதற்குப் பிறகு அதை யாரும் அவிழ்க்கவில்லை. ஒரு வாய் புல்லாவது யாராவது போட்டார்களா என்று வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் மகள் நாரே வருகிற மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் ஊரில் பல்கலைக்கழகத் தேர்வு எழுதுகிற அந்த வருடம் என்றால், வீட்டில் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். அம்மாக்கள் வேலையை விடுவார்கள், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடையாய் நடப்பார்கள், பிள்ளை படிக்கிற அறைக்கு வெளியே தட்டுடன் நிற்பார்கள். மிசோனும் அந்த வருடத்துக்காகத்தான் கதையை அவசரமாக முடித்தாள். இன்னும் ஒரு வருடம் எழுதவேண்டிய எரிமலைப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மார்ச்சுக்கு முன்னால் கடையைக் கட்டினாள். இதை நாரேயிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் படிக்கிறவள் நாரேதான். கடைசிப் பகுதியை மட்டும் அம்மா அவளுக்குக் காட்டவில்லை. மகள் மற்றவர்களோடு சேர்ந்து கைப்பேசியில்தான் அதைப் படித்தாள். அன்று மூடிய வாயை அம்மாவிடம் இன்னும் திறக்கவில்லை.

"அப்பா, கிம்ச்சிக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

கிண்ணம் அம்மாவின் முழங்கைப் பக்கத்தில் இருந்தது.

"நாரே அம்மா, கிம்ச்சி."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்குன்னு சொல்லுங்கப்பா. பேசத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு. நடுவுல நான் எதுக்குத் தபால்காரன்?"

கிண்ணத்தை நானே தள்ளினேன்.

மிசோன் அன்று காலையிலேயே வெளியில் போகிற உடுப்பில் இருந்தாள். "மாப்போ வரைக்கும் போறேன். ரெண்டு மணிக்குக் கம்பெனில வரச் சொல்லியிருக்காங்க," என்று சூப்பைப் பார்த்துச் சொன்னாள். "கோவமா இருக்கிறவங்களைச் சமாதானப்படுத்த ரெண்டு மூணு கிளைக்கதை எழுதித் தரணுமாம். முடியாதுன்னு சொல்லிடுவேன். அப்படியே பட்டாணிச்சோறு பேரையும் மூடிட்டு வந்துடுறேன். இனிமே எழுதுறதா இல்ல."

நாரே கரண்டியை வைத்தாள்.

"படிப்பறைக்குப் போறேன்னு சொல்லுங்கப்பா," என்றாள். மாதக் காசு கட்டி, ஒரு மேஜை பிடித்துப் படிக்கிற இடம் அது. முட்டிக்குக் கீழே தொங்குகிற தன் கறுப்பு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போயேவிட்டாள்.

மிசோன் ஒரு பேரிக்காயை எடுத்துத் தோல் சீவினாள். துண்டு போட்டு டப்பாவில் அடுக்கினாள். "சாயந்திரம் வர்ற வழில படிப்பறைல குடுத்துட்டு வந்துடுறேன். காலைல சரியாவே சாப்பிடல."

ஐந்து வருடம் சோற்றைத் தீயவிட்டுக் கதை எழுதியவள், இப்போது பேரிக்காய்த் துண்டுகளை ஒரே அளவில் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

கீழே வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி பாங் கைப்பேசியில் கூப்பிட்டான். என்னைவிடச் சின்னவன், வண்டிகள் மட்டும் அவனுடையவை.

"அண்ணே, கிம்போ வேணாம். அது வெறும் அடுக்குமாடி விளம்பரம், நாளைக்குப் பாத்துக்கலாம். மாப்போக்குப் போங்க. அங்க போக வேண்டியவன் இடுப்பைப் பிடிச்சிட்டு உக்காந்துட்டான். ஏதோ புத்தகக் கம்பெனி. சாயந்திரம் அஞ்சு வரைக்கும் வாசல்ல நிக்கணும். வாசகருங்க கோவமா இருக்காங்களாம்."

அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். ஆனால் மாப்போவில் தெருவுக்கு நாலு புத்தகக் கம்பெனி. வாசகர்களும் எப்போதும் யார் மேலாவது கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஆற்றோரச் சாலையைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் எதிரே வண்டியை நிறுத்தி, திரையைப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, அதை அலுவலகத்திலிருந்தே ஏற்றி அனுப்புவார்கள், அவர்களைக் கேட்காமல் அணைக்கவும் கூடாது. எரிகிறதா என்று பார்க்க இறங்கிப் பின்னால் போனேன்.

"பட்டாணிச்சோறு அவர்களே, வணக்கம். நன்றாகத் தூங்குகிறீர்களா?"

படித்தேன். எழுத்து மாறியது.

"அரக்க அரசனை நாலு வரியில் கொன்றது நியாயமா?"

மறுபடி மாறியது.

"யோவுல் கையில் பேரிக்காய் எதற்கு?"

கடைசியாக, திரை முழுக்க ஒரே வரி.

"அவள் வாளை அவளிடமே கொடுத்துவிடுங்கள்."

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். திட்டுவதைக்கூட அவர்களே, இவர்களே என்று மரியாதையாகத்தான் திட்டுவார்கள். அது இன்னும் சுருக்கென்று குத்தும். மனதுக்குப் பிடித்தால் காசு சேர்த்துக் காபி வண்டி அனுப்புவார்கள், பிடிக்காவிட்டால் அதே காசில் என்னை அனுப்புவார்கள். பாங்கைக் கூப்பிட்டேன்.

"இதை உடனே அணைக்கணும்."

"அணைக்கவா? காசு வாங்கியாச்சுண்ணே."

"அந்தப் பட்டாணிச்சோறு என் பொண்டாட்டிடா."

"அண்ணியா? அண்ணியா அதை எழுதுனது? அண்ணே, என் பொண்ணு முடிவைப் படிச்சிட்டுச் சரியா சாப்பிடவே இல்லண்ணே. அண்ணி ஏன் இப்படிப் பண்ணாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அணைக்கட்டுமா வேணாமா?"

"அணைச்சோம்னு தெரிஞ்சா அவ என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டா. மன்னிச்சுக்கங்கண்ணே." வைத்துவிட்டான்.

அடுத்து, கட்டிடத்துக்குள்ளிருந்து ஒல்லியாக ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் காகிதக் குவளை. மிசோனின் பதிப்பாசிரியர் கூ. அவர் பெயரை நான் தினமும் கேட்டிருக்கிறேன், முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. திரையைப் படம் எடுத்துக்கொண்டு என் ஜன்னலைத் தட்டி, காபியை நீட்டினார்.

"குளிர்ல நிக்கிறீங்க. ஒரு சின்ன உதவி. ரெண்டு மணிக்கு எழுத்தாளரம்மா வர்றாங்க. அந்த நேரத்துக்கு மட்டும் வண்டியைக் கொஞ்சம் தெரு முனைக்கு எடுத்துக்கறீங்களா? ஏற்கெனவே எழுத மாட்டேன்னு நிக்கிறாங்க. இதையும் பாத்தா அவ்வளவுதான்."

"பாக்கலாம் சார்," என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆமா, அந்தக் கழுதை என்ன ஆச்சு சார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியாதுங்க. நானே அவங்ககிட்ட கேட்டேன். பேச்சை மாத்திட்டாங்க."

மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

காபி குடித்து முடிக்கவில்லை, எதிர்ச்சாரியிலிருந்து ஒரு கறுப்பு மேல்கோட்டு தெருவைக் கடந்து வந்தது. முகத்தில் முகமூடி, கண் வரை இழுத்துவிட்ட குல்லா. இதுவும் வழக்கம்தான். காசு போட்டவர்களுக்கு வண்டி நிஜமாகவே நிற்கிறதா என்று தெரிய வேண்டும், அதனால் குழுவிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். அந்தக் கோட்டு வண்டியைச் சுற்றி வந்து மூன்று பக்கமும் படம் எடுத்தது. அதன் வலது கையில் கிழிந்த இடத்தில், போன மாதம் நானே ஒட்டிய கறுப்பு டேப் இருந்தது.

ஜன்னலை இறக்கினேன்.

"நாரே."

கைப்பேசி அவள் கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

"அப்பா? நீங்க கிம்போக்குத்தானே போறேன்னீங்க?"

"நீ படிப்பறைக்குத்தானே போறேன்ன?"

எங்கள் தலைக்கு மேலே திரை மட்டும் 'நன்றாகத் தூங்குகிறீர்களா' என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

"ஏறு உள்ள. யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க."

ஏறினாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது.

"அது உங்கம்மாடி. தெரிஞ்சுதான் பண்ணுறியா?"

"தெரிஞ்சுதான். குழுல யாருக்கும் தெரியாது, நான் சொல்லல."

"அவ இங்கதான் வரப்போறா. ரெண்டு மணிக்கு."

"அதுவும் தெரியும். அம்மா போன்ல பேசுறப்ப கேட்டேன். அதனாலதான் இன்னிக்குன்னு சொன்னேன். வீட்டுல பேசுனா 'சாப்பிடு, படி, தூங்கு' மூணுதான் பதிலா வருது. இங்கயாவது படிக்கட்டும்."

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. வண்டியைத் தெரு முனைக்கு எடுத்துவிடலாம் என்று சாவியைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து மீன் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று எனக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சாப்பிடப் போய்விட்டான். பின்னால் தீயணைப்புத் தண்ணீர்க்குழாய், நகர வழியில்லை. இரண்டு மணிக்கு வரச் சொன்னால் ஒன்றரைக்கு வந்து நிற்கிறவள் என் மனைவி. அன்றும் அப்படித்தான் வந்தாள். கையில் பேரிக்காய் டப்பா வைத்த துணிப்பை.

முதலில் வண்டி எண்ணைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். நடைபாதையில் நின்று நாலு வரியையும் ஒரு சுற்று முழுக்கப் படித்தாள். இன்னொரு சுற்றும் படித்தாள். தலையை ஆட்டவுமில்லை, அழவுமில்லை. நேராக வந்து கதவைத் திறந்தாள். மகள் உள்ளே உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தள்ளி உக்காரு," என்றாள்.

என் லாரியின் முன்பக்கம் மூன்று பேர் உட்காருகிற ஒரே இருக்கை. நடுவில் உட்காருகிறவருக்குக் கியர் முட்டியில் இடிக்கும். நாரே நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"வாசகர் குழு."

"அந்தக் கடைசி வரி?"

"நான்."

மகள் நேராகப் பதில் சொன்னாள். என் தபால் உத்தியோகம் அந்த நிமிடம் போயிற்று.

"மத்தவங்க எழுதிக் குடுத்ததை நீ பாக்கல," என்றாள் நாரே. "கையை ஒடிச்சுக்கோன்னு ஒருத்தி. எழுதத் தெரியலன்னா சோறு மட்டும் ஆக்குன்னு ஒருத்தி. எல்லார்கிட்டயும் சண்டை போட்டு நான்தான் எடுத்துவிட்டேன்."

"ரொம்ப நன்றி."

"எரிமலை எங்க போச்சும்மா?"

மிசோன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"எரிமலைக்குப் போயி, வாளை உருக்கி, அதுல ரெண்டு வாள் அடிக்கணும். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவனுக்கு. அப்பதான் சாபம் தீரும். நீதான் சொன்ன, பஸ்ல. நான் கேட்டுட்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரரு மிட்டாய் குடுத்தாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் எழுதல?"

"நேரம் இல்ல."

"யாருக்கு நேரம் இல்ல?"

"முடிவுல இப்ப என்ன குறை?" மிசோனின் குரல் ஏறியது. "சண்டை முடிஞ்சா யாரா இருந்தாலும் வீட்டுக்குத்தான் வரணும். வீட்டுல ஒருத்தன் ராப்பகலா படிக்கிறான். அவனுக்கு யாராவது பழம் நறுக்கிக் குடுக்க வேணாமா?"

"அரண்மனைல முந்நூறு வேலைக்காரங்க இருக்காங்கம்மா."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் கிண்ணம் தள்ளி எனக்கு அலுத்துவிட்டது.

"உனக்காகத்தான்டி நிறுத்தினா," என்றேன். "உனக்குத் தேர்வு வருஷம். உன்கூடவே இருக்கணும்னு எரிமலையை விட்டா, பேரையும் மூடப் போறா. போதுமா?"

"நாரே அப்பா," என்றாள் மிசோன், பல்லைக் கடித்துக்கொண்டு.

தலைக்கு மேலே வரிகள் மாறுகிற வெளிச்சம் எதிர்க் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நாரே அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் குட்டி இளவரசன் நான்தானா?"

மிசோன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவனுக்குப் பேருகூட வெக்கலம்மா நீ. ஒரு வசனம் கிடையாது. வாயைத் தொறக்குறான், பேரிக்கா வாங்கிக்கிறான், குனிஞ்சு படிக்கிறான். என்னை அப்படித்தான் பாக்குறியா?"

"உன் மேல பாரம் ஏத்தக் கூடாதுன்னுதான் உன்கிட்ட சொல்லல."

"சொல்லலன்னா பாரம் இல்லையா? நான் தேர்வுல தோத்துட்டா, யோவுல் அந்த வாளை எதுக்குப் போட்டா? ஜெயிச்சாலும் அதை நான் ஜெயிச்சேன்னு சொல்ல முடியுமா? உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல." மிசோன் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "மேல் வீட்டுப் பையன் தேர்வு எழுதுனப்ப அவங்கம்மா நூறு நாள் கோயில்ல விழுந்து கும்பிட்டாங்க. நான் என்ன செஞ்சிருக்கேன்? அஞ்சு வருஷமா நீ அம்மான்னு கூப்பிட்டப்பல்லாம் 'இரு, அரக்கன் வரான்'னு சொல்லியிருக்கேன். உனக்கு ஜுரம் வந்தப்பகூட அதைத்தான் சொன்னேன். ஒரு வருஷமாவது ஒழுங்கா ஒரு அம்மாவா இருக்கலாம்னு நெனச்சேன்."

"அரக்கன் வந்தான்ல," என்றாள் நாரே. குரல் உடைந்துவிட்டது. "ஜுரத்துல படுத்துட்டு, நீ எழுத எழுத வாங்கி வாங்கிப் படிச்சேன். அதுதானேம்மா நல்லா இருந்துச்சு."

மிசோன் அவளைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்தார்கள். நான் முன்னால் நின்ற மீன் வண்டியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மணி ஆச்சு," என்று சொல்லி மிசோன் இறங்கினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைந்தாள்.

காத்திருந்தோம். நான் வாங்கி வைத்திருந்த கிம்பாப் சோற்றுச் சுருளை இரண்டு பேரும் பங்கு போட்டோம். நாரே முகமூடியைக் கழற்றி மூக்கைச் சிந்தினாள்.

"அப்பா, திரையை அணைச்சிடலாமா?"

"இப்ப கேளு. அஞ்சு மணி வரைக்கும் காசு கட்டியிருக்கீங்க. முதலாளி பொண்ணு வேற உங்க கட்சி."

"அம்மா பேரை மூடிட்டு வந்தா என்னப்பா பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? அஞ்சு வருஷமா அந்த வீட்டுல என்னை யாராவது ஏதாவது கேட்டிருக்கீங்களா?"

இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எழுதாத மிசோனை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் மளிகைச் சீட்டின் பின்பக்கத்திலும் கதை எழுதி வைத்திருப்பாள். அவள் ஒரு வருடம் முழுக்கத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றால், தேர்வு முடிந்த பிறகு எழுந்து எங்கே போவாள்?

அவள் திரும்பி வந்தபோது மீன் வண்டிக்காரன்கூடச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். பின்னாலேயே கூ குனிந்து குனிந்து வழியனுப்பிக்கொண்டு வந்தார். எழுத்தாளரம்மா டாக்சிக்குப் போவாள் என்று நினைத்திருப்பார். அவள் நேராகத் தன்னைத் திட்டுகிற லாரியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். குனிந்த மனிதர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். நான் கை காட்டினேன்.

"வண்டியை எடுங்க, பசிக்குது," என்றாள் மிசோன்.

"அஞ்சு மணி வரைக்கும்," என்று ஆரம்பித்தேன்.

"படிக்க வேண்டியவ படிச்சாச்சு. எடுங்க."

எடுத்தேன். அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். காலையில் நறுக்கிய பேரிக்காய், ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. நாரே கையை நீட்டினாள். மிசோன் டப்பாவை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணும்னா வீட்டுல இன்னொண்ணு இருக்கு. நீயே நறுக்கிக்கோ."

நாரேயின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா சொன்ன அங்க?"

"கிளைக்கதை முடியாதுன்னு சொன்னேன். கடைசி அத்தியாயங்களை எடுத்துடச் சொன்னேன். மார்ச்லேர்ந்து எரிமலை." இன்னொரு துண்டு. "ஒரு வருஷம் ஆகும். நான் வீட்டுல இருப்பேன், ஆனா இருக்க மாட்டேன். சோறு தீயும். நீ கூப்பிட்டா அரக்கன் வரான்னு சொல்லுவேன். உன் படிப்பை நீதான் பாத்துக்கணும். சரியா?"

"சரிம்மா," என்றாள் நாரே. அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நான் பாத்துக்குவேன்."

ஆற்றோரச் சாலையில் ஏறினோம். வெயில் சாய்ந்து தண்ணீரில் விழுந்திருந்தது. இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று பட்டது.

"கழுதை?" என்றேன்.

"குகை வாசல்லதானே கட்டியிருக்கு," என்றாள் மிசோன். "அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. திரையை அணைக்க மறந்துவிட்டேன் என்பது ஹேங்ஜு பாலத்தருகே, பக்கத்து வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டியபோதுதான் தெரிந்தது.

அப்போது மிசோனின் கைப்பேசி அடித்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். 'படிப்பறை மேலாளர்' என்று இருந்தது.

"எடுக்காதம்மா," என்றாள் நாரே.

மிசோன் மகளைப் பார்த்தாள். அடிக்கிற கைப்பேசியைப் பார்த்தாள். டப்பாவில் கடைசியாக ஒரு துண்டு இருந்தது. கைப்பேசியை நாரேயின் மடியில் வைத்தாள்.

"உன் விஷயம். நீ பேசு."

நாரே அதை எடுக்கும்போது விரல் தவறி ஒலிபெருக்கியில் பட்டுவிட்டது. மேலாளரின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"நாரே அம்மாங்களா? உங்க பொண்ணு போன மாசமே இடத்தைக் காலி பண்ணிட்டா. அன்னிக்கு விட்டுட்டுப் போன பாடப் புத்தகமெல்லாம் இன்னும் இங்கயே கெடக்கு. அந்த இடத்துக்கு வேற பொண்ணு வந்திருக்கு, புத்தகத்தை எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"

என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. ஒரு மாதமாக அவள் படிப்பறைப் பக்கமே போகவில்லை. மிசோனின் கை முள்கரண்டியோடு நின்றது. அவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், எரிமலை மறுபடி அணைந்துவிடும், மார்ச்சில் மறுபடி தட்டு வந்துவிடும். அது எனக்கே தெரிந்தது. நாரேக்குத் தெரியாமல் இருக்குமா?

மிசோன் சாலையைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசித் துண்டையும் வாயில் போட்டு மென்றாள். காலி டப்பாவை அழுத்தி மூடினாள்.

"நாரே அம்மா இல்லைங்க," என்றாள் என் மகள். "நாரேதான் பேசுறேன். சொல்லுங்க."